அரியலூர் என்றால் எந்த அரியலூர்?

கேள்வி: குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எம்.சி.ஏ. படிக்கிறேன். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி போடுகிறவர்களுக்கு அன்றன்றைய சந்தை விலையைச் சொல்லும் செயலி ஒன்றை இறுதியாண்டு புராஜெக்ட்டாகச் செய்துகொண்டிருக்கிறோம். விலை விவரம் அரசின் வெப் சர்வீஸிலிருந்து வருகிறது. அந்தப் பதிலுக்கு ஏற்ற கிளாஸை ஒரு கருவியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. எங்கள் வழிகாட்டியோ, அதை அப்படியே பயன்படுத்தக்கூடாது, செயலிக்கென்று தனியாக கிளாஸ் எழுதி மேப்பிங் செய்யுங்கள் என்கிறார். இரண்டிலும் பெரும்பாலான ஃபீல்டுகள் ஒன்றுதான். ஒரே தகவலை எதற்கு இரண்டு தடவை எழுத வேண்டும்? எழுதத்தான் வேண்டும் என்றால், மேப்பிங்கையும் கருவியிடமே விட்டுவிடலாமே?

— ஒரு மாணவி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: உங்கள் வழிகாட்டி சொன்னது சரி. காரணத்தை அவர் சொல்லாமல் விட்டதால், நீங்கள் கேட்டது அதைவிடச் சரி. குன்னத்திலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

இந்தத் துறையில் இல்லாதவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் சில சொற்கள். ஒரு பொருளைப் பற்றி என்னென்ன விவரங்கள் வைக்க வேண்டும் என்று நிரலில் எழுதுகிற அச்சுதான் கிளாஸ். அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ள இடம் ஃபீல்டு, அந்த அச்சில் வார்த்த ஒவ்வொன்றும் ஆப்ஜெக்ட். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் இணையம் வழியே கேட்டு விவரம் வாங்குகிற ஏற்பாடுதான் வெப் சர்வீஸ். அப்படி வாங்கும் விவரத்தை ஏந்தி வருகிற ஆப்ஜெக்டை டிடிஓ என்பார்கள். டேட்டா டிரான்ஸ்ஃபர் ஆப்ஜெக்ட் என்பதன் சுருக்கம் அது. விவரத்தைச் சுமந்து வந்து இறக்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. டொமைன் மாடல் என்பது உங்கள் செயலி எதைப் பற்றியதோ அதன் பொருள்களும் விதிகளும்: சந்தை, விளைபொருள், விலை, ஊர், இவற்றுக்குள் எது நடக்கலாம், எது நடக்கக்கூடாது என்பவை. டிடிஓவில் வந்ததை டொமைன் மாடலுக்கு ஏற்றபடி மாற்றுவது மேப்பிங்.

பலரும் நினைப்பது என்னவென்றால், இரண்டு பக்கமும் ஃபீல்டுகளின் பெயர் வேறாக இருப்பதால்தான் மேப்பிங் தேவைப்படுகிறது என்று. அங்கே 'டிஸ்ட்ரிக்ட்' என்றிருக்கிறது, இங்கே 'மாவட்டம்' என்றிருக்கிறது, ஒன்றை மற்றொன்றில் போட்டால் வேலை முடிந்தது என்று. அது மட்டும்தான் வேலை என்றால் உங்கள் சந்தேகம் முற்றிலும் நியாயம். பெயர்கள் ஒத்துப்போகிற இடத்தில் மேப்பிங்கே வேண்டாம், ஒத்துப்போகாத இடத்தில் கருவி பார்த்துக்கொள்ளும். ஆனால் பெயர் வேறாக இருப்பது இதில் மிகச் சின்னத் தொல்லை. எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர், ஒரே வகை, ஒரே மதிப்பு என்று வந்து நிற்கிற ஃபீல்டுதான் ஆளைக் கவிழ்க்கும். அதற்கு உங்கள் இரண்டு மாவட்டங்களைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஜெயங்கொண்டத்தில் 1990-ல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிறந்தபோது அவர் திருச்சி மாவட்டத்துக்காரர். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. ஜெயங்கொண்டம் அதற்குள் போனது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002-லேயே அது மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் அரியலூர் மாவட்டம். பதினெட்டு வயது நிரம்புவதற்குள் அவருக்கு நான்கு முறை மாவட்டம் மாறிவிட்டது. அவர் வீடு மாறவே இல்லை.

இப்போது உங்கள் செயலியில், சர்வீஸ் கொடுத்த 'பெரம்பலூர்' என்ற சொல்லை அப்படியே எடுத்து வைக்கிறீர்கள் என்று வையுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியர்கள் பழைய விளைச்சல் கணக்கையும் சேர்த்து ஒரு வரைபடம் போடுவார்கள். 2003-ம் ஆண்டுப் பதிவில் 'பெரம்பலூர்' என்றால் இன்றைய இரண்டு மாவட்டங்களும் சேர்ந்தது. 2010-ம் ஆண்டுப் பதிவில் 'பெரம்பலூர்' என்றால் அதில் ஒரு பகுதிதான், அதுவும் ஆள்தொகையில் சின்னப் பகுதி: 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர், அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேர். வரைபடத்தில் கோடு செங்குத்தாக விழும். மழை பொய்த்ததா, விவசாயத்தை விட்டுவிட்டார்களா என்று யாராவது காரணம் தேடுவார்கள். நடந்தது எல்லை மாற்றம் மட்டுமே. இரண்டு ஃபீல்டிலும் பெயர் ஒன்றுதான், எழுத்துப் பிழைகூட இல்லை. எந்தக் கருவியும் இதைப் பிழை என்று காட்டாது.

பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டால் தப்பிக்கலாமா? பாதி தப்பிக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2001-ல் பெரம்பலூருக்கு 16, அரியலூருக்கு 17 என்று மாவட்டக் குறியீட்டு எண்கள். 2011-ல் அதே மாவட்டங்களுக்கு 615, 616. வண்டிப் பதிவுக்குப் போனால் டிஎன் 46, டிஎன் 61. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அமைப்புகளுக்கான கோப்பகம் தருகிற எண் இவை எதுவும் இல்லாத இன்னொன்று. ஒவ்வொரு சர்வீஸும் தன் எண்தான் அந்த மாவட்டத்தின் எண் என்ற தோரணையில்தான் அனுப்பும்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். வருவாய்த் துறையைக் கேட்டால் குன்னம் வட்டம் பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தேர்தல் விவரத்தைக் கேட்டால் குன்னம் சட்டமன்றத் தொகுதி சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. அரியலூரும் ஜெயங்கொண்டமும்கூட அங்கேதான். பெரம்பலூர் மக்களவைத் தொகுதியிலோ கரூர் மாவட்டத்துக் குளித்தலை இருக்கிறது, திருச்சி மாவட்டத்து லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் இருக்கின்றன, குன்னம் இல்லை. அஞ்சல் துறையிடம் போனால் முசிறி 621211, பெரம்பலூர் 621212. அடுத்தடுத்த எண்கள், வெவ்வேறு மாவட்டங்கள். பின்கோடு கடிதங்களைப் பிரித்து அனுப்புவதற்காக 1972-ல் வந்தது. மாவட்ட எல்லையைச் சொல்வது அதன் வேலையே அல்ல. ரயில்வேயிடம் கேட்டால் விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் அரியலூர் நிலையம் இருக்கிறது. பெரம்பலூர் நகரத்துக்கு நிலையமே கிடையாது, விடை வெறுமையாக வரும். அந்த வெறுமைக்கு 'நிலையம் இல்லை' என்று பொருளா, 'நீங்கள் பெயரைத் தப்பாக எழுதிவிட்டீர்கள்' என்று பொருளா என்பதை உங்கள் நிரல்தான் முடிவு செய்தாக வேண்டும்.

இவற்றில் எந்தத் துறையும் தப்பு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் தன் வேலைக்கு ஏற்றபடி எல்லை போட்டுக்கொண்டிருக்கிறது, தன் வேலைக்கு ஏற்றபடி அதை மாற்றவும் செய்கிறது. இதுதான் உங்கள் கேள்விக்கான உண்மையான காரணம். டிடிஓவின் வடிவத்தை முடிவு செய்கிறவர் சர்வீஸ் நடத்துகிறவர். டொமைன் மாடலின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். இன்று இரண்டும் ஒன்றுபோல் இருப்பது தற்செயல். அவர் நாளைக்கு ஒரு ஃபீல்டைப் பிரிப்பார், சேர்ப்பார், உங்களிடம் கேட்க மாட்டார். உங்களுக்கும் அவர் கனவிலும் நினைக்காத தேவை ஒன்று வரும். இரண்டையும் ஒரே கிளாஸ் ஆக்கிவிட்டால், டெல்லியில் யாரோ ஒரு ஃபீல்டைத் தொட்டதும் உங்கள் செயலியின் ஒவ்வொரு திரையும் உடையும்.

டிடிஓவின் பிறப்பைப் பார்த்தாலும் இது விளங்கும். மார்ட்டின் ஃபவுலர் 2002-ல் வெளியான 'பேட்டர்ன்ஸ் ஆஃப் என்டர்பிரைஸ் அப்ளிகேஷன் ஆர்க்கிடெக்சர்' நூலில் இதை விளக்கும்போது சொல்லும் காரணம் பயணச் செலவு. தூரத்துக் கணினியிடம் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் ஆகிறது. அதனால் பல தடவை கேட்காமல், வேண்டியதையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி அனுப்புகிறார்கள். செட்டிகுளத்து வெங்காயத்தை லாரிக்காக மூட்டை பிடிப்பது மாதிரிதான். வீட்டுக்கு வந்ததும் மூட்டையோடு அடுப்பில் ஏற்றுவதில்லையே.

நீங்கள் எடுக்கிற விலை விவரத்தையே ஒரு வரி பிரித்துப் பார்க்கலாம். மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் வருகிற தினசரிச் சந்தை விலையில் மாநிலம், மாவட்டம், சந்தை, விளைபொருள், ரகம், தரம், வரத்துத் தேதி, குறைந்தபட்ச விலை, அதிகபட்ச விலை, மோடல் விலை என்று ஃபீல்டுகள் இருக்கின்றன. மோடல் விலை என்பது அன்று பெரும்பாலான சரக்கு கைமாறிய விலை. இரண்டு ஓரங்களின் சராசரி என்று நினைத்துவிடக்கூடாது.

முதலில் விலை. எல்லா விலையும் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு. டிடிஓவில் வெறும் 4500 என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; குவிண்டால் என்ற சொல் அந்த எண்ணோடு ஒட்டி வராது. உழவர் கேட்பது கிலோ என்ன விலை, மூட்டை என்ன விலை என்று. அந்த 4500-ஐத் திரையில் காட்டுகிற ஒருவர் நூறால் வகுத்து 45 ரூபாய் என்பார். இன்னொரு திரையை எழுதியவர் வகுக்க மறந்துவிடுவார். உங்கள் டொமைனில் 'விலை' என்பது தொகையும் அளவும் சேர்ந்த ஒரே பொருளாக இருந்தால், மறப்பதற்கு வழியே இல்லை. மேப்பிங் நடக்கும் அந்த ஓர் இடத்தில் குவிண்டால் என்று முத்திரை குத்திவிட்டால் போதும். விலை, எண்ணாக வராமல் எழுத்துச் சரமாக, அதாவது வெறும் எழுத்தாக, வந்தாலும் அங்கேயே பிடித்துவிடலாம்.

தேதி இதைவிட வில்லங்கம். நாள்/மாதம்/ஆண்டு என்ற நம் ஊர் வரிசையில் அது எழுத்தாக வருகிறது. பல நிரல் நூலகங்கள், சொல்லாவிட்டால் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும். 03/11 என்றால் நவம்பர் 3-ம் தேதி விலை மார்ச் 11-ம் தேதிக்குப் போய் உட்காரும். ஒவ்வொரு மாதமும் முதல் பன்னிரண்டு நாள் சத்தமில்லாமல் தப்பாக ஓடும். 13-ம் தேதிதான், பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், முதல் முறையாகப் பிழை என்று கத்தும். மாதத் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்து எல்லாம் சரி என்று ஒப்படைக்கிற புராஜெக்ட்டுகளுக்கு இது நேரும்.

சந்தைக்கு விடுமுறை என்றால் அன்றைக்கு வரியே வராது. மாணவர்கள் செய்யும் பல செயலிகளில் அந்த இடத்தில் 0 என்று காட்டுவதைப் பார்க்கிறேன். வெங்காயம் விலை பூஜ்யம் என்று கைபேசியில் பார்க்கிற ஒரு மனிதருக்கு எப்படி இருக்கும்? உங்கள் டொமைனில் 'இன்று விலை வரவில்லை, கடைசியாக வந்தது இந்தத் தேதியில்' என்று சொல்ல ஓர் இடம் இருக்க வேண்டும். டிடிஓவில் அப்படி ஓர் இடம் கிடையாது, இருக்கவும் தேவையில்லை. அதேபோல் பெல்லாரியும் சின்ன வெங்காயமும் உங்கள் உழவர்களுக்கு வேறு வேறு பயிர். விளைபொருள் என்ற ஃபீல்டை மட்டும் நம்பாமல் ரகத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் எது எது என்று உங்கள் மேப்பர் தீர்மானிக்க வேண்டும். மேப்பர் என்றால் மேப்பிங்கைச் செய்கிற நிரல் பகுதி, அவ்வளவுதான்.

கருவிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டாட்நெட்டில் ஆட்டோமேப்பர், ஜாவாவில் மேப்ஸ்ட்ரக்ட் என்று நல்ல கருவிகள் இருக்கின்றன. ஒரே பெயருள்ள ஃபீல்டுகளைத் தாமாகவே இணைத்துவிடும். சந்தையின் பெயர் மாதிரி யாருக்கும் வேறு பொருள் தராத ஃபீல்டுகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மேப்ஸ்ட்ரக்ட் நிரலைத் தொகுக்கும்போதே வேலையை முடித்து, எந்த ஃபீல்டு இணையாமல் விடுபட்டது என்று எச்சரிக்கவும் செய்யும்; அது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் பெயர் ஒத்தால் பொருளும் ஒக்கும் என்ற நம்பிக்கையில்தான் இவை எல்லாம் ஓடுகின்றன. மாவட்டம், விலை, தேதி, விளைபொருள் ஆகிய நான்கையும் கையால் எழுதுங்கள் என்பது என் உறுதியான கருத்து. எழுதினால் சில பத்து வரிகள்தான் வரும்.

மேப்பரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். செயலியின் வாசலிலேயே, சர்வீஸிடம் பேசுகிற பகுதியிலேயே வையுங்கள். உள்ளே இருக்கிற எந்த கிளாஸுக்கும் டிடிஓ என்று ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. எரிக் எவன்ஸ் 2003-ல் எழுதிய 'டொமைன் டிரிவன் டிசைன்' நூலில் இதற்கு ஆன்டி கரப்ஷன் லேயர் என்று பெயர் வைத்தார். வெளியாரின் மாடல் நம் மாடலுக்குள் கலந்து அதைக் கெடுத்துவிடாமல் நடுவில் நிற்கிற அடுக்கு. கருவி எழுதித் தரும் கிளாஸைப் பார்த்தாலே இதன் அருமை புரியும். சர்வீஸ்கள் விவரம் அனுப்பும் வடிவங்களில் ஒன்றான எக்ஸ்எம்எல்லில் ஃபீல்டு பெயருக்கு நடுவே இடைவெளி விடக்கூடாது என்பதால், இடைவெளி இருந்த இடத்தில் அடிக்கோடு, எக்ஸ், 0020, அடிக்கோடு என்று ஒரு வால் முளைத்து வருவதுண்டு. வாசலில் நிறுத்தாவிட்டால் அந்த வால் உங்கள் கடைசித் திரைவரை வரும்.

மாவட்டத்துக்கு என்ன செய்வது? மாவட்டப் பெயரை ஊரின் அடையாளமாக வைக்காதீர்கள். ஊரையோ சந்தையையோ அசையாத பொருளாக வையுங்கள். அந்த ஊர் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்த மாவட்டம் என்பதைத் தனி அட்டவணையாக வையுங்கள். ஜெயங்கொண்டத்துக்கு அதில் ஐந்து வரிகள் இருக்கும். எந்த சர்வீஸ் எந்த எண்ணைச் சொன்னால் அது எந்த மாவட்டம் என்பதற்கு இன்னொரு அட்டவணை. 17, 616, டிஎன் 61 எல்லாம் அதில் அரியலூரைக் காட்டும். மேப்பர் இந்த இரண்டு அட்டவணைகளையும் பதிவின் தேதியையும் பார்த்து விடை சொல்லும். தெரியாத பெயர் வந்தால் ஊகிக்கக்கூடாது. 'இது எனக்குத் தெரியாது' என்று பதிவு செய்துவிட்டு நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது 38 மாவட்டங்கள். இந்தக் கணக்கு இதோடு நின்றுவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் செயலியிலிருந்து விவரத்தை வேறு சர்வீஸுக்கு அனுப்ப நேர்ந்தால், இதே மேப்பரைத் திருப்பிப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உள்ளே வரும்போது நீங்கள் தேவையில்லை என்று விட்டுவிட்ட ஃபீல்டுகள் வெளியே போகும்போது வெறுமையாகப் போகும். அந்தப் பக்கம் அதை 'அழித்துவிடு' என்று எடுத்துக்கொண்டால், யாரோ பாடுபட்டுப் பதிந்த விவரம் போய்விடும். போகிற வழிக்குத் தனி மேப்பர் எழுதுங்கள்.

எல்லா செயலிக்கும் இவ்வளவு வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரே ஒரு பக்கம், வந்த விலையை வந்தபடி காட்டுவது, சேமித்து வைப்பது எதுவும் இல்லை என்றால் டிடிஓவை வைத்தே முடித்துவிடலாம். அதற்குப் போய் டொமைன் மாடல் எழுதச் சொல்கிறவர் உங்கள் நேரத்தை வீணாக்குகிறார். விலையைச் சேமித்து ஒப்பிடப்போகிறீர்களா, இரண்டாவது சர்வீஸ் ஒன்றைச் சேர்க்கப்போகிறீர்களா என்று இரண்டே கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் மேப்பர் எழுதியாக வேண்டும். உங்கள் புராஜெக்ட்டில் இரண்டு மாவட்டச் சந்தைகளின் பழைய விலையும் வரப்போகிறது என்று ஊகிக்கிறேன்.

தொடங்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன். சர்வீஸ் அனுப்புகிற உண்மையான பதில்கள் சிலவற்றைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்: சந்தை நடந்த நாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று, மாதத்தின் 5-ம் தேதி ஒன்று, 20-ம் தேதி ஒன்று. அவற்றோடு நீங்களே கையால் எழுதிய ஒரு பதிவு, 2003-ம் ஆண்டுத் தேதியும் 'பெரம்பலூர்' என்ற மாவட்டமும் 'ஜெயங்கொண்டம்' என்ற சந்தையும் உள்ளது. இந்தக் கோப்புகளை மட்டும் வைத்து, இணைய இணைப்பே இல்லாமல், மேப்பரை ஓட்டிப் பாருங்கள். அந்தக் கடைசிப் பதிவுக்கு உங்கள் மேப்பர் என்ன சொல்கிறது என்று எனக்கு எழுதினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.